கேரஜீனன்: செம்பாசியின் வைரஸ் தடுப்பு

கேரஜீனன், சில செம்பாசிகளின் செல்சுவரில் உள்ள பாலிசாக்கரைடு, அதாவது நீண்ட சர்க்கரைச் சங்கிலி. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டிப்படுத்த உதவுகிறது. அயர்லாந்தின் கரையோர மக்கள் ஐரிஷ் மாஸ் என்னும் பாசியைப் பாலில் காய்ச்சிச் சளி இருமலுக்குக் குடித்து வந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசியும் கேரஜீனனுக்கு மூலப்பொருள்தான்.

பல வைரஸ்கள் செல்லுக்குள் நுழையுமுன், அதன் மேற்பரப்பிலுள்ள ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டிக்கொள்கின்றன. சல்பேட்டின் எதிர்மின்சுமைதான் அவற்றை இழுக்கிறது. கேரஜீனனும் சல்பேட் ஏறிய சங்கிலியே. வழியில் அது குறுக்கிட்டால் வைரஸ் அதையே பற்றிக்கொள்கிறது, செல்லைச் சேர்வதில்லை. கேரஜீனனில் சல்பேட்டின் அளவு வகைக்கு வகை மாறும்: இரண்டு சர்க்கரை அலகுக்குக் கப்பா வகையில் ஒரு சல்பேட், அயோட்டாவில் இரண்டு, லாம்டாவில் ஏறக்குறைய மூன்று.

இந்த ஆற்றல் 1958லேயே தெரியவந்தது. இன்ஃபுளுவென்சா பி, பொன்னுக்குவீங்கி வைரஸ்கள் செலுத்தப்பட்ட கோழிக் கருக்களைப் பாசிச் சாறு காத்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 2006இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நடந்த செல் ஆய்வுகளில், பாப்பிலோமா வைரஸை, ஹெப்பரான் சல்பேட்டை ஒத்த ஹெப்பாரினைவிடப் பன்மடங்கு வலுவாகக் கேரஜீனன் தடுத்தது.

ஆய்வுக்கூட வெற்றி மனிதரிடம் அப்படியே பலிக்கவில்லை. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 'கேரகார்ட்' என்னும் ஜெல், தென்னாப்பிரிக்காவில் 6,202 பெண்களிடம் சோதிக்கப்பட்டது. 2008இல் வெளியான முடிவு: பயனில்லை. பெண்கள் பாதிக்கும் குறைவான உறவுகளின்போதே ஜெல்லைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆகவே தோல்விக்குப் பொருளை மட்டும் குறைசொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்ட பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பதே பெரிய உண்மை.

மூக்கில் நிலைமை சற்று நம்பிக்கை தருகிறது. அர்ஜென்டினாவில் கோவிட் நோயாளிகளைக் கவனித்த 394 மருத்துவமனைப் பணியாளர்களில் ஒரு பகுதியினர், அயோட்டா கேரஜீனன் கலந்த மூக்குத் தெளிப்பானை நாளுக்கு 4 முறை என 21 நாள் பயன்படுத்தினார்கள். அவர்களில் 1 விழுக்காட்டினருக்கும், கேரஜீனன் இல்லாத தெளிப்பானைப் பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது. இரு பிரிவிலும் சேர்த்துத் தொற்றியவர்கள் 12 பேர்தான் என்பதால், இதை உறுதியான சான்றாகக் கொள்ள இயலாது.

பாசியைச் சாப்பிட்டால் இந்தப் பாதுகாப்பு வருமா? வராது. கேரஜீனனின் நீண்ட சங்கிலியை மனிதக் குடல் செரிப்பதும் இல்லை, பெரிதாக உறிஞ்சுவதும் இல்லை. வைரஸ் வந்திறங்கும் ஈரச்சவ்வின் மேலேயே அது படர்ந்திருக்க வேண்டும். மின்சுமையால் வைரஸை வெளியிலேயே பிடித்துவைப்பது மட்டுமே அதன் வேலை. இதனால்தான் ஐரோப்பாவில் விற்கப்படும் கேரஜீனன் மூக்குத் தெளிப்பான்கள் மருந்தாக அல்லாமல், மருத்துவச் சாதனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளன.