ஆரையும் வீச்சமும்

மட்டக்களப்பு வாவிக்கும் கீழைக் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது களுதாவளை. மேற்கே வாவியிற் சிறுதிரை எழுந்தடங்கும். கிழக்கே கடலிற் பேரலை ஆர்ப்பரிக்கும். இவ்விரண்டையும் வேறுபடுத்தும் அளவுகளுள் தலையாயது வீச்சம். அமைதி நிலையிலிருந்து நீர் அடையும் மிகப்பெரிய விலகலே அஃதாம். மாணவர் பலர் அதனைச் சைன் சார்பின் முன் நிற்கும் ஓரெழுத்தென்ற அளவில் மனனஞ் செய்து அமைவர். அவ்வெழுத்தின் வரலாற்றை அறியின் அதன் பொருளும் தெளிவாகும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, வட்டத்தின் முழு நாண்களை அட்டவணைப்படுத்தினார். இந்தியக் கணிதரோ அரைநாணைக் கைக்கொண்டனர். கி.பி. 499இல் 23 வயதினராயிருந்த ஆரியபட்டர், 225 கலைக்கு ஒன்றாக 24 அரைநாண் வேறுபாடுகளைத் தமது ஆரியபட்டீயத்தில் தந்தார். வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை எனின், அதன் ஆரை ஏறத்தாழ 3438 கலை. 30 பாகைக்குரிய அரைநாண் 1719. இஃது ஆரையிற் பாதி. 90 பாகையில் அரைநாண் 3438 ஆகி, ஆரையோடு ஒன்றாகின்றது. ஓர் இராசி 30 பாகையாதலின், மூன்று இராசிகளின் ஜ்யா எனும் பொருளில் ஆரை 'திரிஜ்யா' எனப்பட்டது. அரைநாண் அடையக்கூடிய பேரெல்லை ஆரையே என்னும் உண்மை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

'ஜ்யா' என்பது வில்லின் நாண். அராபியர் அதனை 'ஜீபா' என வழங்கினர். உயிர்க்குறியின்றி எழுதப்பட்ட அச்சொல் மடிப்பெனப் பொருள்படும் 'ஜைப்' என வாசிக்கப்பட்டு, 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனிற் 'சைனசு' ஆயிற்று. 1748இல் வெளிவந்த தமது நூலில் ஒயிலர் ஆரையை ஒன்றெனக் கொண்டார். சைனின் பெறுமானம் ஒன்றுக்கும் மறை ஒன்றுக்கும் இடையே அடங்கிற்று. கணிப்பு எளிதாயிற்று, ஆயின் ஆரை கண்ணுக்கு மறைந்தது. அலைகளை ஆராயப் புகுந்தபோது, மறைந்த அவ்வாரையே பெருக்கும் எண்ணாக மீண்டும் வந்தது. அதுவே வீச்சம்.

இதனை இரும்பிலும் பித்தளையிலும் காட்டியவர் பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன். கடலின் வற்றுப்பெருக்கைப் பல சைன் அலைகளின் கூட்டாகக் கொண்டு, 1872 அளவில் அவர் ஒரு கணிப்புப் பொறியை வகுத்தார். ஒவ்வோர் அலைக்கும் ஒரு சுழல்கை. அக்கையின் நீளமே அவ்வலையின் வீச்சம். கப்பிகளின் மேற் செல்லும் ஒரே இழை அனைத்தையுங் கூட்டித் தாளில் வரையும். இத்தகைய பொறியொன்று 1879இல் இந்தியத் துறைமுகங்களுக்காகவும் அமைக்கப்பட்டது. முடியிலிருந்து தாழிவரை அளந்து அதனையே வீச்சமென்பார், விட்டத்தை ஆரையென்பாரை ஒப்பர்.

இவ்வளவின் அருமையை 2004 டிசெம்பர் 26ஆம் நாள் உணர்த்திற்று. நிலநடுக்கத்திற்கு இரண்டு மணி நேரத்தின் பின் ஜேசன்-1 என்னும் செய்மதி வங்கக் கடலில் அளந்த ஆழிப்பேரலையின் உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றரே. கப்பலிலிருப்போர் அதனை உணரார். ஆயினும், ஆழங் குறையுந்தோறும் வீச்சம் ஆழத்தின் நான்காம் மூலத்திற்கு நேர்மாறாக வளரும் என ஜோர்ஜ் கிறீன் 1837இலேயே நிறுவியிருந்தார். 4000 மீற்றர் ஆழம் 4 மீற்றராகக் குறையின் வீச்சம் ஏறத்தாழ ஐந்தரை மடங்காகும். 60 சென்ரிமீற்றர் மூன்று மீற்றரைக் கடக்கும். கரையின் அமைப்பு அதனை இன்னும் உயர்த்தவும் கூடும். மட்டக்களப்புக் கரையூர்கள் பல அழிந்தன. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஆழ்கடலிற் சிறுவீச்சத்தை அளந்து, கரையில் நிகழவிருப்பதை முன்னறிவிக்கும் இந்து மாகடல் எச்சரிக்கை முறைமை 2006இல் இயங்கத் தொடங்கியது. கடலோரத்தில் வாழும் மாணவன் கரும்பலகையிற் காணும் அவ்வோரெழுத்து, அன்று அவனூருக்கு எட்டாது போன எச்சரிக்கையின் முதலெழுத்துமாம்.