தமக்குத் தாமே பக்கவாத்தியம்

ஒரே மனிதர் ஒரே வேளையில் பாட்டுக்கும் அதற்குரிய பக்கவாத்தியத்துக்கும் உரியவராதல் கூடுமா? கூடும் என்பதற்குச் சான்றாய் இன்று பல மேடைகளில் ஒரு சிறு பெட்டி காணப்படுகிறது. கிற்றார் வாசிப்பவரின் காலடியில் அது கிடக்கும். அவர் ஓர் இசைத்தொடரை ஓராவர்த்தனம் வாசித்துவிட்டுப் பெட்டியின்மீதுள்ள ஆளியைக் காலால் மிதிப்பார். வாசித்த தொடர் அக்கணமே முதலிலிருந்து ஒலிக்கத் தொடங்கும், ஓயாது சுழலும். அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் வேறொன்று எனப் படைபடையாய் அடுக்கிக்கொண்டே அவர் தம் தனி வாசிப்பைத் தொடரலாம். லூப்பர் பெடல் என்பது அதன் பெயர். கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்ட போதிலும், அதனை வீட்டு மேசையிலே தம் கையாற் செய்துகொள்வோர் பல நாடுகளில் உளர். ஓர் அலுமினியப் பெட்டி, சில மின்னணுச் சில்லுகள், ஓர் ஆளி, ஈயம் பற்றவைக்கும் கோல் ஆகியவையே அவர்தம் முதல். அவர்கள் செய்வது புதுவழி அன்று. இக்கருவியின் வரலாறு தொடக்கமுதலே கைவேலையின் வரலாறாக இருந்து வந்துள்ளது.

ஒருவர் பலராய் ஒலிக்கும் ஆசை ஒலிநாடாவுக்கு முந்தியது. 1941ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நியூ ஓர்லியன்ஸ் நகரிற் பிறந்த சிட்னி பெஷே என்னும் ஜாஸ் இசைஞர், கிளாரினெற், இருவகைச் சாக்ஸபோன், பியானோ, பாஸ், முரசு ஆகிய ஆறு வாத்தியங்களையும் தாம் ஒருவராகவே வாசித்து ஓர் இசைத்தட்டை உருவாக்கினார். ஒரு தட்டிற் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் அடுத்த தட்டிற் பதித்தலே அங்கே கையாளப்பட்ட முறை. அது ஒரு விந்தையாகப் பேசப்பட்டு அடங்கிவிட்டது. அதனையே வாழ்நாள் வேலையாக்கியவர் வேறொருவர்.

அவர் பெயர் லெஸ் போல். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே, வோகெஷா என்னும் ஊரில் 1915இல் பிறந்தவர். கிற்றார் வாசிப்பிலே பெயர் பெற்ற அவருக்குக் கருவிகளைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இளமையிலிருந்தே உண்டு. ஹொலிவூட்டில் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றிக்கொண்டு, தட்டு வெட்டும் பொறியையும் தாமே செய்தார். தட்டுச் சுழலும் வேகத்தில் சிறு தளம்பல் நேர்ந்தாலும் சுருதி தளம்பும். இதைத் தவிர்க்கக் கடிலக் மோட்டார் வண்டியொன்றின் எஞ்சினோடு சுழலும் கனத்த இரும்புச் சில்லைக் கழற்றி எடுத்து, தட்டைத் தாங்கும் பீடமாக்கினார். கனமும் சமதளமும் ஒருங்கே வாய்ந்த பொருள் அதனினும் மலிவாய்க் கிடைத்திருக்க முடியாது! இவ்வாறு தட்டின்மேல் தட்டாகப் பதித்து எட்டுக் கிற்றார்களின் ஒலியைத் தாமே வாசித்து அமைத்த 'லவர்' என்னும் இசைத்தட்டு 1948இல் வெளிவந்தது. அவ்வாண்டு சனவரியிலேயே, பனியுறைந்த பாலத்தில் அவர் சென்ற மோட்டார் வண்டி சறுக்கி வீழ்ந்தது. நொறுங்கிய வலது முழங்கை இனி மடங்காது என்று அறிந்தபோது, கிற்றாரைத் தழுவும் கோணத்திலேயே கையை நிலைநிறுத்துமாறு வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டார் அவர்.

இதற்கிடையில் ஒலிநாடா அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்திருந்தது. யுத்தம் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து இரண்டு நாடாப் பதிவுப் பொறிகளைக் கொண்டுவந்த ஜோன் மலின் என்னும் பொறியியலாளர், 1947இல் பாடகர் பிங் குரொஸ்பிக்கு அவற்றை இயக்கிக் காட்டினார். வானொலியில் நேரடியாகத் தோன்றிப் பாடும் நிர்ப்பந்தத்தை வெறுத்த குரொஸ்பிக்கு அது தேடிய மருந்தாயிற்று. அம்பெக்ஸ் என்னும் சிறு கொம்பனிக்கு அவர் 50,000 டொலர் கொடுத்து உதவினார். அக்கொம்பனியின் பொறிகளுள் ஒன்றை 1949இல் லெஸ் போலுக்குப் பரிசாக அளித்தார்.

பரிசுப் பொறியை லெஸ் போல் இருந்தபடி விட்டுவைக்கவில்லை. நாடாப் பொறியில் மூன்று முனைகள் உண்டு. ஓடிவரும் நாடா முதலில் அழிக்கும் முனையைக் கடக்கும். பழைய ஒலி நீங்கும். அடுத்துப் பதியும் முனை; அதன்பின் வாசிக்கும் முனை. லெஸ் போல் செய்தது ஒன்றே. அழிக்கும் முனைக்கு முன்னால் இன்னொரு வாசிக்கும் முனையைப் பொருத்தினார். இப்போது பழைய ஒலி, அழிவதற்கு ஒரு கணம் முன்னர் வாசிக்கப்பட்டு வெளியே எடுக்கப்படுகிறது. புதிதாக வாசிக்கும் ஒலியோடு அது கலக்கிறது. கலந்த இரண்டும் அதே நாடாவில், அப்போதுதான் துடைக்கப்பட்ட இடத்தில் பதிகின்றன. ஒரு பொறியே இரண்டு பொறிகளின் வேலையைச் செய்தது. ஹோட்டல் அறையிலும் ஒலிப்பதிவு செய்யலாம் என்ற நிலை பிறந்தது.

ஆனால் இவ்வசதிக்குக் கொடுத்த விலை பெரிது. தட்டுமுறையில் ஒரு படை பிழைத்தால் முந்திய தட்டாவது கையில் இருக்கும். நாடா முறையிலோ, முந்திய படைகள் யாவும் அழிந்த பின்னரே புதிய படை பதிகிறது. பத்தாவது படையில் ஒரு விரல் தவறினால், ஒன்பது படைகளும் அதனோடு போயின, முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். வெளியே வண்டியொன்று ஊதினாலும் கதி அதுவே. அன்றியும், ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் பழைய ஒலி சற்று மங்கும், இரைச்சல் சற்று ஏறும். ஆகவே முக்கியம் குறைந்த பகுதிகளை முதலிலும், முதன்மையான குரலையும் கிற்றாரையும் இறுதியிலும் பதிவது அவர் வழக்கமாயிற்று. வீடு கட்டுவோர் அத்திவாரத்தில் வலிய கல்லை இடுவர்; இவர் மெலிந்தவற்றை அடியில் இட்டார். முழுப் பாட்டும் எப்படி அமையும் என்பது முதற் படைக்கு முன்னரே உள்ளத்தில் தெளிவாக இல்லாதவருக்கு இம்முறை உதவாது. லெஸ் போலும் அவர் மனைவி மேரி போர்டும் இவ்வண்ணம் அமைத்த 'ஹவ் ஹை த மூன்' என்னும் பாட்டு, 1951இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. கேட்டோர் பலரும் அதில் வியந்தது ஒலிகளின் தொகையை. வியக்கத்தக்கது அதன் பின்னிருந்த துணிவு.

1950இல் இத்தம்பதியர் வானொலியில் ஒரு குறுநிகழ்ச்சி நடத்தி வந்தனர். ஓரிரு பேர் வாசிக்கும் இசை ஒரு கூட்டமாய் ஒலிப்பது எங்ஙனம் என்று நேயர்களுக்கு விளக்கவேண்டியிருந்தது. எதை இட்டாலும் பலவாகப் பெருக்கித் தரும் பொறியொன்று தம்மிடம் உண்டென்றும், அதன் பெயர் 'லெஸ் போல்வரைசர்' என்றும் லெஸ் போல் வேடிக்கையாகக் கூறிவந்தார். அப்படி ஒரு பொறி அன்று இல்லை. ஆனால் மேடைக் கச்சேரிகளுக்குச் சென்றபோது, இசைத்தட்டிற் கேட்ட அதே ஒலியைச் சபையோர் எதிர்பார்த்தனர். வேடிக்கை வேலையாக மாறியது. மேடைக்குப் பின்னால் மறைந்திருந்த நாடாப் பொறியைக் கிற்றாரிலே பொருத்திய சிறு பெட்டியால் இயக்கும் அமைப்பை அவர் 1950களின் நடுப்பகுதியில் செய்து முடித்து, அதற்கும் அப்பெயரையே இட்டார். இசைஞர் தாமே வாசித்தபடி ஒலிப்பதிவை ஏவும் கருவி என்ற வகையில், லூப்பர் பெடலின் மூதாதை அதுவே எனலாம்.

எனினும் லெஸ் போலின் நாடா சுழலவில்லை. ஒவ்வொரு படைக்கும் அதனைத் தொடக்கத்துக்குத் திருப்பவேண்டும். சுழலும் ஒலிக்குப் பிறப்பிடம் வேறொரு நாடு. அதுவும் ஒரு வானொலி நிலையம். 1948இல் பாரிஸில், பிரெஞ்சு வானொலியின் பொறியியலாளர் பியர் ஷெஃபேர், சுருள்வழியாய்ச் செல்லாது தொடங்கிய இடத்திலேயே வந்து மூடும் வட்டப் பள்ளத்தைத் தட்டில் வெட்டினார். ஊசி அதிலிருந்து வெளியேற வழியில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டில் ஒரு சுற்று என்பது முக்கால் விநாடிக்குச் சற்று மிகுதி. அம்முக்கால் விநாடி ஒலி, நிறுத்தும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும். புகைவண்டிகளின் ஒலியைக்கொண்டு அவர் ஆக்கிய படைப்பு அவ்வாண்டு ஒக்ரோபர் 5ஆம் நாள் ஒலிபரப்பாயிற்று. ஷெஃபேரின் ஒலி சுழன்றது, ஆனால் புதிய ஒலியை ஏற்கவில்லை. லெஸ் போலின் நாடா புதியதை ஏற்றது, ஆனால் சுழலவில்லை.

இரண்டும் ஒன்றுகூடியது 1963இல், அதே பாரிஸில். டெறி றைலி என்னும் இளம் அமெரிக்க இசையமைப்பாளர், ஒலி நீண்டு எதிரொலிக்கும் விளைவொன்றை வேண்டியபோது, பிரெஞ்சு வானொலியின் ஒலிப்பதிவாளர் ஒருவர் இரண்டு நாடாப் பொறிகளை அருகருகே வைத்து ஒரே நாடாவை இரண்டினூடும் ஓடவிட்டார். முதற்பொறி பதியும், நாடா இடைவெளியைக் கடந்து சென்றதும் இரண்டாம் பொறி வாசிக்கும், வாசித்தது முதற்பொறிக்கே திரும்பிச் சென்று புதிய ஒலியோடு மீண்டும் பதியும். நாடா விநாடிக்கு 19 சென்ரிமீற்றர் ஓடி, இடைவெளி ஒரு மீற்றராயின், ஏறக்குறைய ஐந்து விநாடிக்கொருமுறை ஒலி திரும்பி வரும். மேசையை நகர்த்தினால் காலம் மாறும். இங்கே பிழை எல்லாவற்றையும் அழிப்பதில்லை. சுற்றுக்குச் சுற்று மங்கித் தேய்ந்து மறையும். 1972இல் பிறையன் ஈனோ இவ்வமைப்பை இயக்க, றொபேட் பிரிப் அதனோடு கிற்றார் வாசித்துப் பதிவு செய்தார். 1979இல் பிரிப் அத்தகைய இரு பொறிகளைச் சுமந்துகொண்டு, உணவகங்களிலும் இசைத்தட்டுக் கடைகளிலுங்கூடத் தனியராய் வாசித்து வந்தார்.

பின்னர் நாடாவின் இடத்தை மின்னணு நினைவகம் பிடித்தது. 1980களில் சில விநாடி ஒலியைத் தாங்கும் பெட்டிகள் வந்தன. 2001இல் ஜப்பானிய நிறுவனமாகிய பொஸ், ஐந்து நிமிடத்துக்கு மேல் பதியும் பெடலை விற்பனைக்கு விட்டது. மலிந்துபோன சில்லுகள் வீட்டில் இதனைச் செய்ய விரும்புவோருக்கும் வழி திறந்தன.

அவ்வீட்டுக் கருவியின் உள்ளே நிகழ்வது யாது? கிற்றார் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. எண்கள் நினைவகத்திலே வரிசையாக இடப்படுகின்றன. இறுதி இடத்தை அடைந்ததும் கருவி முதலிடத்துக்குத் திரும்புகிறது, அதுவே சுழற்சி. அடுத்த படை சேர்க்கும்போது, ஒவ்வோரிடத்திலும் பழைய எண் வாசிக்கப்படுகிறது. புதிய எண் அதனோடு கூட்டப்படுகிறது. கூட்டுத்தொகை அதே இடத்தில் எழுதப்படுகிறது. அழிக்கும் முனைக்கு முன்னே வாசிக்கும் முனையை வைத்த லெஸ் போலின் உபாயமே இது. இரும்புக்குப் பதில் கணக்கு. படைகள் கூடக்கூடத் தொகை பெருகி எல்லையைத் தாண்டினால் ஒலி கரகரக்கும். அதனால் பழைய எண்ணைச் சற்றே குறைத்துக் கூட்டுவர். அப்போது றைலியின் நாடாவிற்போல் பழைய படைகள் மெல்லத் தேய்ந்து செல்லும்.

செய்பவரைப் பெரிதும் வருத்துவது நினைவகமன்று. காலால் மிதிக்கும் ஆளி. ஒருமுறை மிதிக்கும்போது அதன் உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுச் சில ஆயிரத்திலொரு பங்கு விநாடி துள்ளும். கருவி அதனைப் பல மிதிகளாக எண்ணி, தொடங்கிய பதிவை உடனே நிறுத்திவிடும். முதல் தொடுகையை ஏற்று, அடுத்துவரும் துள்ளல்களைப் பொருட்படுத்தாதிருக்குமாறு அதற்குக் கட்டளை எழுதவேண்டும். சுற்றின் முடிவும் தொடக்கமும் சந்திக்கும் இடத்தில் 'டிக்' என்ற ஒலி எழாதிருக்க, இரண்டையும் சிறிது ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு இழைக்கவேண்டும். இவற்றையெல்லாம் செய்து முடித்தாலும் கால் பிந்தினால் காப்பாற்றுவார் இல்லை. ஒருமுறை நேர்ந்த தாளப்பிழை ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் திரும்பி வந்து நிற்கும்.

கடைசிப் படையை மட்டும் நீக்கும் வசதி வேண்டுமாயின், அதனைச் சேர்ப்பதற்கு முன்னிருந்த சுற்றை வேறோரிடத்தில் பிரதி செய்து வைக்கவேண்டும். ஒரு நிமிட ஒலிக்கு ஏறக்குறைய 53 இலட்சம் பைற் இடம் செல்லும். பிரதிக்கு மேலும் 53 இலட்சம். அது இன்று சில ரூபாய்ப் பொருள். மோட்டார்க் கொட்டகையிற் பத்தாவது படைக்காக விரலை வைத்த லெஸ் போலுக்கு அது கிடையாதிருந்தது.