ராஜாவை அழைக்கக் கடைசியாய் வந்தவர்கள்

மக்கனாயீம் நகர வாசலின் மேல்வீட்டில் ஒரு தகப்பன் மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். கீழே, அவருக்காகப் போரிட்டு வென்ற வீரர்கள், தோற்று ஓடிவந்தவர்களைப் போல ஓசையில்லாமல் ஊருக்குள் நுழைகிறார்கள். தகப்பன் தாவீது ராஜா; மகன், அவருக்கு எதிராகக் கலகம் செய்த அப்சலோம். எப்ராயீம் காட்டில், கர்வாலி மரத்தில் சிக்கித் தொங்கிய அவனைத் தாவீதின் படைத்தலைவன் யோவாப் குத்திச் சாய்த்தான். அதே யோவாப்தான் இப்போது மாடியேறி வருகிறான். இன்றைக்கே வெளியே வந்து வீரர்களுக்கு முகம் காட்டாவிட்டால் இரவுக்குள் ஒருவனும் உம்மோடு மிஞ்சமாட்டான் என்கிறான். மகனைக் கொன்றவன் சொன்ன புத்தி. ஆனால் சரியான புத்தி. தாவீது எழுந்துபோய் வாசலில் உட்கார்ந்தார்.

படை கையில் இருந்தது. அப்படியே யோர்தானைக் கடந்து எருசலேமுக்குள் நுழைந்திருக்கலாம். அவர் நகரவில்லை. ஜனங்கள்தானே அப்சலோமை அபிஷேகம் செய்தார்கள்? அவர்களே திரும்ப அழைக்காமல் சிம்மாசனத்தில் ஏறினால், சொந்த நாட்டைப் படையெடுத்துப் பிடித்தவர் ஆகிவிடுவார். தாவீதின் அரசியல் அறிவு இந்தக் காத்திருப்பில்தான் தெரிகிறது என்பேன்.

முதலில் பேச்செடுத்தவர்கள் வடக்கே இருந்த இஸ்ரவேல் கோத்திரத்தார். பெலிஸ்தரிடமிருந்து நம்மைக் காப்பாற்றியவர் அவர், அப்சலோமோ செத்துப்போனான், இன்னும் ஏன் சும்மா இருக்கிறோம் என்று ஊர் ஊராக வாக்குவாதம். தாவீதின் சொந்தக் கோத்திரமான யூதா மட்டும் வாய் திறக்கவில்லை. காரணம் இருந்தது. கலகம் தொடங்கியதே எப்ரோனில், அதாவது தாவீது ஏழரை ஆண்டு அரசாண்ட யூதாவின் ஊரில். பழி வாங்குவாரோ என்ற பயம் யூதாவின் மூப்பர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பயத்தைத்தான் தாவீது தொட்டார். சாதோக், அபியத்தார் என்ற இரு ஆசாரியர்கள் வழியாக ஆள் அனுப்பினார்: நீங்கள் என் சொந்த ரத்தம், ராஜாவை அழைக்க நீங்களா கடைசியாய் வருவது? கூடவே, அப்சலோமின் படைத்தலைவனாக இருந்த அமாசாவுக்கு இன்னொரு செய்தி: இனி யோவாபின் இடம் உனக்கு. இருவருமே தாவீதின் சகோதரிகள் பெற்ற பிள்ளைகள். கலகப்படையின் தலைவனுக்கே பதவி என்றால் மற்றவர்களுக்குப் பயமென்ன? மகனைக் கொன்றவனுக்குத் தண்டனையும் ஆயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். யூதா முழுவதும் ஒரே மனிதனைப் போலத் திரும்பி, ராஜாவை அழைத்துவர கில்காலுக்கு வந்தது.

ஆற்றங்கரையில் காத்திருந்தவர்களில், தாவீது ஊரைவிட்டு ஓடியபோது கல்லெறிந்து தூஷித்த சீமேயி முன்னால் நின்றான், 1,000 பென்யமீனரோடு. யோவாபின் சகோதரன் அபிசாய் அவனைக் கொல்லத் துடித்தான். இன்று யாரும் சாகக்கூடாது என்று ராஜா தடுத்தார். முந்தைய ராஜா சவுலின் பேரன் மேவிபோசேத் வந்தான். இரு கால்களும் முடமானவன். ராஜா போன நாள்முதல் கால் கழுவாமல், தாடியைச் சீர்செய்யாமல், உடுப்பு வெளுக்காமல் இருந்தவன். வேலைக்காரன் சீபா தன்மேல் பொய் சொன்னான் என்றான். யார் சொன்னது உண்மை என்று ராஜா விசாரிக்கவில்லை. சவுலின் நிலத்தை இருவருக்கும் பங்கிட்டார். எல்லாவற்றையும் அவனே எடுத்துக்கொள்ளட்டும், நீர் சமாதானமாய்த் திரும்பி வந்ததே போதும் என்றான் மேவிபோசேத். இந்த இடத்தில் எனக்கு ராஜாவின் மேல் வருத்தம்தான். எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் அவசரத்தில் நியாயம் பாதியாகிவிட்டது.

பெரிய பிசகு வேறு. முதலில் அழைத்த வடக்கத்தியார் வந்து சேர்வதற்குள் யூதா ராஜாவை ஆற்றைக் கடத்திவிட்டது. எங்களுக்கு ராஜாவில் பத்துப் பங்கு உண்டே, எங்களை ஏன் அற்பமாக நினைத்தீர்கள் என்று அவர்கள் குமுறினார்கள். அவர் எங்களுக்கு நெருங்கிய உறவு என்றது யூதா. தாவீது அனுப்பிய அதே ரத்தபாசப் பேச்சு. அங்கேயே பென்யமீனன் சேபா எக்காளம் ஊத, இஸ்ரவேலர் அவன் பின்னால் போனார்கள்.

சேபாவைத் துரத்திய வழியில், கிபியோனின் பெரிய கல்லருகே, முத்தமிடுவதுபோல் தாடியைப் பிடித்து அமாசாவைக் கொன்றான் யோவாப். படைத்தலைமை மறுபடி அவன் கைக்கே வந்தது. வடகோடியில் ஆபேல் நகரத்தின் மதிலுக்கு மேலிருந்து சேபாவின் தலை விழுந்ததும் கலகம் அடங்கியது.

விரிசல் அடங்கவில்லை. தாவீதின் பேரன் ரெகொபெயாம் காலத்தில் வடக்கு பிரிந்தே போயிற்று. ஆபேலுக்குச் சற்றுக் கிழக்கே தெல் தாணில், 1993-இல் அரமேய மொழிக் கல்வெட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது, கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் இஸ்ரவேலின் ராஜா தனியாகவும் தாவீதின் வம்சம் தனியாகவும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.