பெயர் சொல்லப்படாத அரசர்

2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அதன் கடைசி நாளிலும் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். ஒன்று சென்னையிலிருந்து ஒளிபரப்பான தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சி. மற்றது இங்கே மைசூருவில், ரங்காயண வளாகத்தில் மேடையேறிய ஒரு கன்னட நாடகம். முன்னதில் புண்பட்டவர்கள் பாரதிய ஜனதா கட்சியினர். பின்னதில் புண்பட்டவர்கள் காங்கிரசார். இரு தரப்பும் பேசிய மொழி மட்டும் ஏறக்குறைய ஒன்றே.

முதலாவது பலருக்கும் நினைவிருக்கும். சனவரி 15 அன்று, பொங்கல் விடுமுறையில், ஜீ தமிழ் அலைவரிசையின் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நான்காம் பருவத்தில் இரண்டு சிறுவர்கள் ஒரு குறுநாடகம் நடித்தனர். ஒருவர் அரசர், மற்றவர் அமைச்சர். வேடமும் பேச்சும் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) திரைப்படத்தின் சாயலில் அமைந்திருந்தன. கறுப்புப் பணத்தை ஒழிக்கப் புறப்பட்டு நாணயத்தைச் செல்லாததாக்கிய ஒரு மன்னர், அது கைகூடாத பின் விதவிதமான வண்ணச் சட்டைகளில் ஊர் சுற்றுகிறார் என்பது நகைச்சுவையின் சாரம். நரேந்திர மோதியின் பெயர் சொல்லப்படவில்லை. அவரது குரலையோ உடலசைவையோ யாரும் போலச் செய்யவில்லை. ஆனாலும் கட்சியின் தமிழகத் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் அப்போதைய தலைவர் நிர்மல்குமார் புகார் எழுதினார். சில நாள்களுக்குள் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அலைவரிசையிடம் ஏழு நாள்களில் விளக்கம் கேட்டது.

இரண்டாவது அதே ஆண்டு டிசம்பர் 31. ரங்காயணத்தின் பூமிகீதா அரங்கில் சந்திரசேகர கம்பாரின் 'சாம்பசிவ பிரஹசன' நிகழ்ந்துகொண்டிருந்தது. மூலப் பிரதியில் இல்லாத வசனங்களைச் சேர்த்து சித்தராமையாவையும் டி.கே. சிவகுமாரையும் இழிவுபடுத்துகிறார்கள் என்று பார்வையாளரிடையே எதிர்ப்பு எழுந்தது. நாடகம் நடுவில் நின்றது. அப்போது மாநிலத்தை ஆண்டது பா.ஜ.க.; கேலிக்குள்ளானவர்கள் எதிர்க்கட்சியினர். ரங்காயணமோ அரசு நிறுவனம். இந்தக் கடைசி விவரம் முக்கியமானது. அரசுப் பணத்தில் இயங்கும் மேடையிலிருந்து எதிர்க்கட்சியை எள்ளுவதும், தனியார் அலைவரிசையிலிருந்து ஆளும் தலைவரை எள்ளுவதும் ஒரே தட்டில் நிற்பவை அல்ல. அங்கதத்தின் அறம் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் பார்வையாளர் எழுந்து நின்று நாடகத்தை நிறுத்துவதை அந்தக் காரணத்தைச் சொல்லி ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் முதல் சம்பவத்தின் புகார்க் கடிதம். குறிப்புப் பொருள் என்று நாம் வகுப்பில் படிப்பது, சொல்பவர் சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வது. சொன்னவர் வேண்டும்போது 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்று விலகிக்கொள்ளலாம். அதுவே அதன் இலக்கணம். புகார் கொடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. 'அந்த முட்டாள் அரசர் எங்கள் தலைவர்தான்' என்று அவர் எழுத்தில் ஒப்பமிட்டுச் சொல்லியாக வேண்டும். நாடகம் விட்டுவைத்த இடைவெளியைப் புகாரே நிரப்புகிறது. பார்த்தவர்கள் சிரித்துவிட்டு மறந்திருக்கக்கூடிய ஒரு காட்சிக்கு அரசாங்க முத்திரையுடன் பொழிப்புரை கிடைத்தது அப்படித்தான்.

இது புதிதன்று. 1876 பிப்ரவரியில் கல்கத்தாவின் கிரேட் நேஷனல் தியேட்டரில் ஒரு கேலி நாடகம் போட்டார்கள். வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டின் அந்தப்புரம்வரை அழைத்து உபசரித்த வழக்கறிஞர் ஜகதானந்த முகர்ஜிதான் இலக்கு. நாடகத்தில் அவர் பெயர் 'கஜதானந்த'. முதல் இரண்டு எழுத்துகள் இடம் மாறியதைத் தவிர வேறு மறைப்பு இல்லை. நம் இலக்கணத்தில் தசை சதையாவதும் விசிறி சிவிறியாவதும் எழுத்து நிலைமாற்றம்; அதையும் 'போலி' வகையோடு சேர்த்தே பேசுவோம். போலி என்ற சொல்லின் இரு பொருளும் கல்கத்தா மேடையில் ஒன்றாக நின்றன. அது தடுக்கப்பட்டதும், காவல் துறை அதிகாரிகள் ஹாக், லேம்ப் இருவரையும் பன்றி, ஆடு என்று பெயர்த்து அடுத்த கேலியை மேடையேற்றினர். அந்த மாத முடிவுக்குள் நார்த்புரூக் அவசரச் சட்டம் பிறப்பித்தார். ஆண்டு முடிவதற்குள் அது நாடக நிகழ்த்துகைச் சட்டமாயிற்று. இந்திய மேடைத் தணிக்கையின் தாய்ச் சட்டம், ஓர் எழுத்து விளையாட்டைத் தொடர்ந்து பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. அச்சட்டம் புத்தகத்திலிருந்து நீங்கியது 2018இல்தான்.

சென்னை மாகாணம் தனக்கென்று 1954இல் ஒரு நாடகச் சட்டம் இயற்றிக்கொண்டது. எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தைக் குறிவைத்தே அது வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. 'பரீக்ஷா' நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென அறிவித்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்.

ஆக மேடைக்கான சட்டங்கள் போய்விட்டன. தொலைக்காட்சிக்கு உள்ளது 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள். அதன் ஆறாம் விதி நிகழ்ச்சி நெறிமுறை. அதன் முதல் உட்பிரிவே நல்ல ரசனைக்கோ கண்ணியத்துக்கோ ஊறு செய்யும் எதையும் ஒளிபரப்பக் கூடாது என்கிறது. பின்னால் வரும் இன்னொரு பிரிவு தனி ஒருவரை விமர்சிப்பதையும் அவதூறு செய்வதையும் ஒரே மூச்சில் தடுக்கிறது. விமர்சனமும் அவதூறும் ஒரே வாக்கியத்தில் 'அல்லது' போட்டு இணைக்கப்பட்டிருப்பதைச் சட்ட மாணவர்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு வியப்புண்டு. குடியரசுத் தலைவர், நீதித்துறை ஆகியோரின் நேர்மையைப் பழிப்பதற்கு அங்கே தனிப் பிரிவு உண்டு; பிரதமருக்கு இல்லை. எனவே பிரதமரைப் பற்றிய கேலி வழக்கமாக 'ரசனை' என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தாக வேண்டும்.

ரசனை என்பது யாருடைய ரசனை? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என்று வகுக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலுக்கு அங்கே முதலிடம். உரையாசிரியர்கள் அதைப் பிறரை எள்ளுதல், பிறரால் எள்ளப்படுதல் என்று இருபுறமும் விரிக்கிறார்கள். குற்றமாகக் கருதவில்லை, வகைப்படுத்துகிறார்கள், அவ்வளவே. அந்தக் குறுநாடகத்தில் எள்ளலும் இளமையும் ஒருங்கே இருந்தன. குழந்தையின் வாயில் பெரியவர் பேச்சு வருவதே பாதிச் சிரிப்பு. மீதிப் பாதியைப் பணமதிப்பிழப்பு பார்த்துக்கொண்டது.

இங்கேதான் புகாரில் ஒரு நியாயமான கேள்வியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகளுக்கு இதன் பொருள் புரியுமா, நகைச்சுவை என்ற பெயரில் அவர்கள் மேல் இதைத் திணிக்கலாமா என்பது அது. எர்விங் கோஃப்மன் பேசுபவர் என்ற ஒற்றைச் சொல்லை மூன்றாகப் பிரித்தார்: ஒலிக்கும் வாய், சொற்களைக் கோத்தவர், அக்கருத்துக்குப் பொறுப்பாளி. சிறுவர்கள் ஒலிக்கும் வாய் மட்டுமே. எழுதியவர் பெயர் திரையில் விரைந்து ஓடி மறையும். பொறுப்பாளியான அலைவரிசை முதலாளியை யாரும் பார்ப்பதே இல்லை. இந்த ஏற்பாட்டில் ஒரு கோழைத்தனம் இருக்கிறது. வளர்ந்த நடிகர் ஒருவர் சொன்னால் வரக்கூடிய வம்பைக் குழந்தையின் மழலை தாங்கிக்கொள்ளும் என்ற கணக்கு. ஆனால் இதே வகை நிகழ்ச்சிகளில் சிறுவர்கள் திரைப்பட ஜோடிகளாக ஆடிப் பாடும்போதும், மாமியார் மருமகள் கொச்சையைப் பேசும்போதும் எந்த அமைச்சகமும் ஏழு நாள் கெடு விதித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. குழந்தைமேல் உள்ள அக்கறை அரசர் வந்ததும் மட்டும் விழித்துக்கொள்வது ஐயத்துக்குரியது.

புலிகேசி என்ற பெயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைசூருவில் இருந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ் வாசகருக்குப் புலிகேசி, 'சிவகாமியின் சபதம்' வழியே வந்த எதிரி. கன்னடருக்கு இம்மடி புலிகேசி நாயகன். 1967இல் ராஜ்குமார் நடித்த திரைப்படமே அவர் பெயரில் உண்டு. பெங்களூருவில் ஒரு தொகுதிக்கே புலகேசி நகர் என்று பெயர். தமிழில் அப்பெயர் கேட்டவுடன் வடிவேலுவின் மீசை நினைவுக்கு வருகிறது. இங்கே என் கன்னட நண்பர்களிடம் அத்திரைப்படத்தின் பெயரை மொழிபெயர்க்கும்போதெல்லாம் முதலில் ஒரு சிறு மௌனம், பிறகுதான் சிரிப்பு. இன்னொரு முரணும் உண்டு. உண்மையான இரண்டாம் புலிகேசியின் பகைவன் மகேந்திரவர்மன், 'மத்தவிலாசப் பிரகசனம்' எழுதியவன். தென்னகத்தின் மிகப் பழைய கேலி நாடகங்களில் ஒன்று ஓர் அரசனின் கையெழுத்து. அவன் காபாலிகரையும் பௌத்தத் துறவியையும் எள்ளினான். அரசனை எள்ளும் நாடகத்தை எழுத அரசன் தேவையில்லை, துணிந்த வேறொருவர் வேண்டும்.

அரசியல்வாதியை நேரடியாக நடிக்க முடியாத இடத்தில் பழைய அரசரை வரவழைப்பது நம் இரு மொழிகளுக்கும் பொதுவான உத்தி. கிரீஷ் கார்னாடின் 'துக்ளக்' 1964இல் வந்தது. நேரு காலத்துக் கனவு கலைந்ததன் சோகமாக அதைப் பலர் வாசித்தனர். நான்கு ஆண்டுகள் கழித்துச் சோ அதே மன்னரைச் சென்னை மேடைக்குக் கேலிச்சித்திரமாகக் கொண்டுவந்தார். அவரது துக்ளக் இந்தியப் பிரதமராகிறார். பாரசீகத்தை நாட்டின் மொழியாக அறிவிக்கிறார். கட்சி மாறி வருவோரையெல்லாம் துணைப் பிரதமராக்குகிறார். இந்தி எதிர்ப்பின் சூடு ஆறாத காலம் அது. 1971இல் அது திரைப்படமானபோது ஆளும் திராவிட முன்னேற்றக் கழகத் தரப்பில் கடும் எதிர்ப்பு எழுந்தது. துக்ளக்கின் செப்பு நாணயத்துக்கும் 2022 சிறுவர் நாடகத்தின் செல்லாத நாணயத்துக்கும் இடையே ஒரு நேர்கோடு போகிறது. புலிகேசிக்குப் பதில் துக்ளக் வேடம் போட்டிருந்தாலும் அந்தச் சிறுவர்களுக்கு அதே கைதட்டல் கிடைத்திருக்கும்.

சாயல் தேவையே இல்லை என்பதற்கு அமெரிக்க உதாரணம் ஒன்று. 1975இல் 'சாட்டர்டே நைட் லைவ்' தொடங்கியபோது செவி சேஸ் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டாக நடித்தார். ஒப்பனை இல்லை, குரல் மாற்றம் இல்லை. கால் இடறி விழுவார், அவ்வளவுதான். மக்கள் ஃபோர்டைக் கண்டுகொண்டனர். அடுத்த ஆண்டு ஃபோர்டின் பத்திரிகைச் செயலர் ரான் நெஸ்ஸனே அந்நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். கேலியை அணைத்து மழுங்கடிக்கும் அந்தச் சாதுரியம் நம் அரசியலுக்குக் கைவரவில்லை. கேரளத்தில் ஓரளவு வந்தது. ஏஷியாநெட்டின் 'சினிமாலா' 1993 முதல் பல்லாண்டுகள் அம்மாநிலத் தலைவர்களைப் பெயர் சொல்லி, குரல் எடுத்து, வேட்டி கட்டி நடித்துக் காட்டியது. மறுமுனையில், 2017இல் ஓர் இந்தி நகைச்சுவைப் போட்டியில் ஷியாம் ரங்கீலா மோதியின் குரலில் பேசிய பகுதி ஒளிபரப்பப்படவே இல்லை. இணையத்தில் கசிந்த பிறகுதான் நாடு பார்த்தது.

தமிழில் நிலைமை வேறுவிதமானது. சன், ஜெயா, கலைஞர், மக்கள், கேப்டன் என்று அலைவரிசைகள் கட்சிகளின் அல்லது கட்சிக் குடும்பங்களின் நிழலில் வளர்ந்தன. தன் தலைவரைப் போலச் செய்ய எந்த அலைவரிசையும் விடாது. பிறர் தலைவரைச் செய்தால் அது அங்கதமன்று, பிரச்சாரம். 2011 தேர்தலில் வடிவேலு விஜயகாந்தை மேடைக்கு மேடை எள்ளியதும், பிறகு அவரது திரை வாழ்வு பல ஆண்டுகள் முடங்கியதும் எல்லோருக்கும் பாடமாயிற்று. அதனால் நம் பலகுரல் கலைஞர்கள் நடிகர்களிடம் ஒதுங்கினார்கள். நடிகர்கள்தாமே முதல்வர்களும்! எம்.ஜி.ஆரை எவரும் போலச் செய்யலாம், அது திரைப்பட எம்.ஜி.ஆராக இருக்கும்வரை.

உண்மையில் அப்படித்தானா என்று கேட்டுப் பாருங்கள். 1967 சனவரி 12 அன்று எம்.ஆர். ராதாவின் துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்தபின் எம்.ஜி.ஆரின் குரல் நிலையாக மாறிப்போனது. தெளிவு குன்றிய மெய்யொலிகள், இழுபட்ட உயிர்கள். போட்டி மேடைகளில் கைதட்டல் வாங்கும் எம்.ஜி.ஆர் குரல் பெரும்பாலும் குண்டடிபட்டபின் ஒலித்த அந்தக் குரல்தான். கலைஞர் ஒரு காயத்தைப் போலச் செய்கிறார், அரங்கம் சிரிக்கிறது, பல நேரம் அன்போடு சிரிக்கிறது. அடுத்த நிமிடம் அதே கலைஞர் எம்.ஆர். ராதாவின் குரலையும் எடுக்கிறார், சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒரே தொண்டையில். ரசனை பற்றிய கடினமான கேள்வி இருந்தால் அது இங்கே இருக்கிறது. இதுவரை இதை யாரும் ஆறாம் விதியின்கீழ் கொண்டுபோனதாகத் தெரியவில்லை; கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை.

ஒலியியலில் ஆய்வுத் தலைப்புத் தேடும் முதுகலை மாணவர்கள் யாரேனும் இருந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம். 1967க்கு முந்தைய படங்கள், பிந்தைய படங்கள், அரசியல் மேடைப் பதிவுகள், பலகுரல் கலைஞர்களின் பதிவுகள் ஆகிய நான்கையும் ஒப்பிட்டு, போலச் செய்பவர் எந்தக் கூறுகளை வைத்துக்கொள்கிறார், எவற்றைக் கூசி விட்டுவிடுகிறார் என்று அளந்து பார்க்கலாம். பதிவுகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.