கல்லூரியிலிருந்து பரங்கிமலைக்கு...

கடற்கரை - செங்கல்பட்டு மின்சார ரயிலில் தினமும் எத்தனையோ கல்லூரி மாணவர்கள் பரங்கிமலை ஸ்டேஷனைக் கடந்து போகிறார்கள். அங்கிருக்கும் இராணுவப் பயிற்சி நிலையம் தங்களைப் போன்ற பட்டதாரிகளுக்காகவே ஏற்பட்டது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

படிக்க வந்தவன் வீரனாவது தொண்டை மண்டலத்துக்குப் புதிதல்ல. 4-ஆம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற இளைஞர் காஞ்சிபுரத்துக் கடிகையில் வேதம் படிக்க வந்தார். வந்த இடத்தில் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு. படிப்பை விட்டுவிட்டு வாளை எடுத்தார். கடம்ப அரச மரபையே தோற்றுவித்தார். கர்நாடகத்திலுள்ள தாளகுண்டா கல்வெட்டு இதைச் சொல்கிறது. அவர் எதிர்த்த அந்தப் பல்லவ மரபில் வந்தவர்கள்தான் பின்னாளில் மாமல்லபுரத்துக் கற்கோயில்களைக் குடைந்தவர்கள்!

இனி நவீன காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1862-இல் வந்த மோரில் சட்டம், அரசு நிலம் பெற்று உருவான கல்லூரிகளில் போர்ப்பயிற்சியும் இடம்பெற வேண்டும் என்றது. 1916-இல் அதுவே ஆர்.ஓ.டி.சி. என்ற முறையான அமைப்பானது. இங்கிலாந்தில் 1908-லேயே பல்கலைக்கழகங்களில் அதிகாரிகள் பயிற்சிப் படைகள் வந்துவிட்டன. நோக்கம் ஒன்றுதான்: போர் வந்தால் அதிகாரிகளைத் திடீரென்று உண்டாக்க முடியாது.

இந்தியாவில் முதல் உலகப்போரின்போது, 1917-இல், பல்கலைக்கழகப் படை தொடங்கியது. 1920-க்குப் பின் அது யு.டி.சி. என்று பெயர் மாறியது. ஆனால் ஆங்கில அரசுக்கு ஒரு தயக்கம் இருந்தது. மாணவனுக்கு அணிவகுப்பு கற்றுத் தரலாம், அதிகாரியாக்கலாமா? 1918-இல்தான் இந்தியர்களுக்கு சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் கிடைத்தன. டேராடூன் அகாடமி 1932-இல் வந்தது. சுதந்திரத்துக்குப் பின், எச்.என். குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி 1948-இல் என்.சி.சி. பிறந்தது.

1962-இல் சீனப் போர் வந்தது. அதிகாரிகள் போதவில்லை என்பது அப்போது உறைத்தது. 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது (1968-இல் அந்தக் கட்டாயம் நீங்கியது). அதே 1963-இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. 1988-இல் அது அகாடமி ஆனது.

தேசிய பாதுகாப்பு அகாடமி பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துக்கொண்டு, பட்டத்தையும் அங்கேயே தருகிறது. பரங்கிமலையில் முறை வேறு. முதலில் ஏதாவது ஒரு கல்லூரியில் பட்டம். பிறகு தேர்வு, நேர்காணல், 49 வாரப் பயிற்சி. என்.சி.சி. 'சி' சான்றிதழ் உள்ளவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாத தனி வழியும் உண்டு. பயிற்சி முடிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயமும் கிடைக்கிறது.

இந்த வழியால் அதிகம் பயன்பெற்றவர்கள் பெண்கள். மருத்துவம், செவிலியர் பணி தவிர்த்த பிரிவுகளில் 1992-இல் அவர்களுக்குக் கதவு திறந்தது. தேசிய பாதுகாப்பு அகாடமி அவர்களைச் சேர்த்துக்கொண்டதோ 2022-இல்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளும் கல்லூரிப் பட்டம்தான் அவர்களுக்கு நுழைவுச் சீட்டு!

ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. இங்கிருந்து போவது குறுகிய காலப் பணி. நீட்டித்தாலும் 14 ஆண்டுகள்தான். ஓய்வூதியத்துக்கோ 20 ஆண்டுகள் வேண்டும். ஆண்கள் நிரந்தரப் பணி கேட்கலாம்; பெரும்பாலான பிரிவுகளில் பெண்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது.

1917-இல் கேட்டது, இந்தியன் அதிகாரியாகலாமா என்ற கேள்வி. பிறகு கேட்டது, பெண் அதிகாரியாகலாமா என்ற கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்ல நாட்டுக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் கல்லூரி மைதானத்தில் அணிவகுத்தவர்கள் எத்தனையோ பேர், பதில் வருவதற்கு முன்பே வயது கடந்து போனார்கள்.