பழைய பேப்பரின் இரண்டாவது பிறவி

தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவில் கிடக்கும் வெடிக்குப்பையை எப்போதாவது வாசித்திருக்கிறீர்களா? நான் வாசித்திருக்கிறேன். பாதி எரிந்த சினிமா விளம்பரம், யாரோ ஒரு பையனின் கணக்கு நோட்டு (விடை தப்பு!), ஒரு தடவை மலையாளப் பத்திரிகைத் துண்டு கூடக் கிடைத்தது. அம்மாச்சி வீடு நாரணாபுரத்தில் என்பதால் அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும் :)

கதை 1922-இல் ஆரம்பிக்கிறது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். முதலில் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்தார்கள். ஆனால் சில வருடங்களிலேயே கையால் செய்வதுதான் மலிவு என்று ஆகிவிட்டது. வானம் பார்த்த பூமி, மழை பொய்த்தால் வேலை இல்லை. கூலிக்குக் கைகள் எத்தனை வேண்டுமானாலும் கிடைத்தன. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டுமே, அதற்காக அச்சகம் வந்தது. 1940-களில் பட்டாசு பெருகியது. மூன்றுக்கும் பொதுவான பொருள் ஒன்றுதான்: காகிதம்.

இங்கே காகிதம் வீணாகாது. வருடக் கடைசியில் பள்ளி நோட்டுகள் எடைக்குப் போகும். பழைய பேப்பர் கடைக்காரர் தரம் பிரிப்பார். ஒரு பங்கு மளிகைக்கடைப் பொட்டலத்துக்கு, ஒரு பங்கு வெடிக்குழாய் உருட்ட. அச்சகத்தில் காலண்டர் ஓரம் வெட்டும்போது விழும் கட்டிங்கைத் தைத்து எங்களுக்கு ரஃப் நோட்டு செய்து தருவார் மாமா. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் முருகனின் மயில் தோகையில் கால்வாசி! தேதி முடிந்த காலண்டரை மட்டும் யாரும் எடைக்குப் போட மாட்டார்கள். சாமி படம் ஆயிற்றே. கண்ணாடி பிரேம் போட்டுப் பூஜை அறையில் மாட்டிவிடுவார்கள். சினிமா நடிகை காலண்டருக்கு அந்த மரியாதை கிடையாது, நேராகப் புத்தக அட்டைதான்.

இதையெல்லாம் இப்போது "ரீசைக்கிளிங்" என்று கல்லூரியில் பாராட்டிப் பேசுகிறோம். அம்மாச்சியிடம் சொன்னேன். மைதாப் பசையில் பூச்சி வராமல் மயில்துத்தம் கலந்து, திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர் அவர். கூலி குரோஸ் கணக்கு, அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. "காகிதம் மட்டுமா மிச்சம், எங்க வயசும்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அது உண்மைதான். சிக்கனத்தில் பெரிய பங்கு பிள்ளைகளின் விரல்களிலிருந்து வந்தது. 1986-ஆம் வருடச் சட்டம் குழந்தைகளைச் சேர்க்கக்கூடாத தொழில்களின் பட்டியலில் தீப்பெட்டியையும் பட்டாசையும் வைத்தது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு அதே சட்டம் விலக்கும் கொடுத்தது. திண்ணை தப்பித்துக்கொண்டது! சிவகாசியைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், அபாயமான தொழிலில் வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. என் அம்மா பள்ளிக்கூடம் முடித்ததற்குக் காரணம் சட்டமா, அம்மாச்சியின் பிடிவாதமா என்று வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது. நான் அம்மாச்சி பக்கம்.

போன லீவில் பரணில் ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே ஒட்டாமல் மிஞ்சிய தீப்பெட்டி லேபிள்கள், நூறுக்கு மேல். லேபிள் சேகரிப்பவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்றேன். அம்மாச்சி கேட்ட முதல் கேள்வி: "குரோஸுக்கு எவ்வளவு?"