இருதய நோய் தேறுதலும் தோட்டத்துப் பெண்டிரும்

மாரடைப்பினின்று பிழைத்தவர் பல வாரங்கள் கட்டிலை விட்டு அசைதல் தகாது என்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைத்தியர் கொண்டிருந்த துணிபு. 1952இல் லெவின், லவுண் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் நோயாளரைச் சாய்வு நாற்காலியில் அமர்த்திப் பயன் கண்டதை வெளியிட்டனர். அதன்பின் அளவறிந்த நடை, உணவு விதி, மருந்தொழுங்கு, மனத்தேற்று ஆகியன சேர்ந்து மறுவாழ்வுப் பயிற்சியாக உருப்பெற்றன. ஆயினும் அப்பயிற்சி, தொழிலுக்கு மீளவேண்டிய ஆடவனையே மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டது. தொடக்ககால ஆய்வுகளிற் பெண்கள் அருகியே இடம்பெற்றனர். இன்றும் பல நாடுகளில் ஆடவரினுங் குறைவாகவே அவர்கள் அதற்கு அனுப்பப்படுகின்றனர்.

வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, புகையிரதப் பாதையிலுள்ள றொசல்லவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் இக்குறைக்கு வேறொரு வேரும் உண்டு. தோட்ட மருத்துவத்துக்கென 1872இலும் 1912இலும் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டங்கள் தொழிலாளரை வேலைக்கு உரியவராய் வைத்திருத்தலையே முதன்மையாகக் கருதின. 1939ஆம் ஆண்டின் பிரசவ சகாயச் சட்டம் பெண்ணைத் தனியே நோக்கியது. ஆனால் தாயாக மட்டுமே நோக்கியது. பேறுகாலங் கடந்தவளின் நெஞ்சுநோய் எச்சட்டத்தின் கண்ணிலும் படவில்லை.

விடியலிற் பிரட்டுக்களம், பின்னர் கொழுந்துக் கூடையுடன் மலையேற்றம், லயத்துக்கு மீண்டபின் தண்ணீர், விறகு, அடுப்பு. 1984இற் சம்பளம் ஆடவர்க்கு நிகராயிற்று, வீட்டுவேலை நிகராகவில்லை. இத்தகையாளுக்கு மூச்சிரைப்பும் களைப்பும் நோய்க்குறியாகத் தோன்றுவதேயில்லை. வைத்தியசாலை அண்மையிலிருப்பினும், வாரம் இருமுறை பயிற்சிக்குச் செல்வோள் இருநாட் பேரை இழப்பாள். “ஓய்வெடு” என்னும் அறிவுரை அவளுக்கு என்ன பயன் தரும்? எத்தனை கிலோ சுமக்கலாம், எந்த மேட்டில் எத்தனை முறை நிற்கவேண்டும் என்பனவன்றோ அவள் அறியவேண்டியவை!

மருந்து மக்களை நாடிச் சென்றதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு, தோட்டத் தொழிலாளரை அவர் வாழிடத்திலேயே சென்று கண்டது. ஸ்கொத்லாந்தில் ஒரு கைந்நூலும் பயிற்சிபெற்ற தாதியின் தொடர்பும் கொண்டு, வீட்டிலிருந்தே ஆறு வாரம் பயிலும் முறை வகுக்கப்பட்டது. 1992இல் வெளியான ஆய்வின்படி, அதனைப் பின்பற்றியோரின் மனக்கலக்கம் தணிந்தது. முதல் ஆறு மாதத்தில் அவர்கள் வைத்தியசாலைக்கு மீளுதலுங் குறைந்தது.

தோட்டத்தில் அத்தாதியின் இடத்துக்கு மருத்துவிச்சி உள்ளாள். பெண்கள் நாடோறுங் கூடும் பிள்ளைமடுவமும் உள்ளது. கைந்நூலே புதிதாக எழுதப்படவேண்டியது. அதில் மாடிப்படிக்கு ஈடாக மலைச்சரிவும், கடைப்பைக்கு ஈடாகக் கொழுந்துக் கூடையும் அளவாக நிற்றல் வேண்டும்.